முள் குத்தாத இருமல்

வாவிக்கரையில் வளர்கிற நாய் இருமினால் அதற்குக் காரணம் ஒன்றுதான்: மீன்முள். நாயைத் தூக்கி வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நோயையும் சொல்லிவிடுவார். "முள்ளுத்தான் குத்தியிரிக்கி டொக்டர். ராவெல்லாம் செருமுது, கக்கப் பாக்குது, ஒண்டும் வருகுதில்ல." முள்ளை இறக்க வீட்டில் என்னென்ன செய்தார்கள் என்பதும் கூடவே வரும். சோற்றை உருட்டி விழுங்கக் கொடுத்திருப்பார்கள், கதலிப்பழம் கொடுத்திருப்பார்கள், பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துக் கொடுத்திருப்பார்கள். ஆரையம்பதிப் பெத்தம்மா ஒருத்தி நாயின் தொண்டையை நல்லெண்ணெய் போட்டு மேலிருந்து கீழாக உருவியே விட்டிருந்தார். நாயும் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவர்களைப் பிழை சொல்லமாட்டேன். கெளுத்தியும் திலாப்பியாவும் தின்கிற நாய்க்கு முள் குத்தாமலா இருக்கும்? வாயைத் திறந்து பார்க்காமல் நானும் விடுவதில்லை. ஆனால் முள் குத்திய நாய் அந்த நிமிடமே முன்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் ஒழுக்கும், சாப்பாட்டுக்குக் கிட்டப் போகாது. இவை அப்படியல்ல. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இருமுகின்றன. நன்றாகச் சாப்பிடுகின்றன. படுத்து எழும்பினால் இருமுகின்றன, வீட்டுக்காரர் வந்த சந்தோஷத்தில் துள்ளினால் இருமுகின்றன, விடியற்புறம் இருமுகின்றன. இருமலின் முடிவில் ஒரு ஓங்காளம். வயதைக் கேட்டால் ஒன்பது, பத்து, பன்னிரண்டு. நிறுத்தால் ஐந்து கிலோ, ஏழு கிலோ. பெரும்பாலும் பொமரேனியன், அல்லது அந்த இரத்தம் கலந்தது.

அப்போது நான் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுவேன். வெளியே ஓட்டோ போனால் அது போகும்வரை காத்திருப்பேன். நாய் இளைத்தால் அதன் வாயை இடது கையால் மெல்லப் பொத்திக்கொண்டு, இடதுபக்க முழங்கை நெஞ்சில் முட்டுகிற இடத்தில் குழலை வைப்பேன். நல்ல இதயத்தில் இரண்டு சத்தம், நடுவே ஓர் அமைதி. இந்த நாய்களில் அந்த அமைதி இருக்காது. முதற் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு, சுளகில் நெல் புடைப்பது போல, ஷ்ஷ்... ஷ்ஷ்... என்று ஒரே சீராக வரும். சில நாய்களில் குழலே வேண்டாம். உள்ளங்கையை வைத்தாலே விலாவுக்குள் பூனை உறுமுவது போலிருக்கும். இந்தச் சத்தத்தை அளக்க, மனிதருக்காக 1933 இல் லெவின் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த ஆறு படிகளைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம். கையில் தட்டுப்பட்டால் ஐந்தாம் படி, அல்லது ஆறாம் படி.

மட்டக்களப்பைப் பற்றி எழுதுகிறவன் பாடும்மீனைத் தொடாமல் விட்டால் ஊரில் குறை சொல்வார்கள், ஆகவே ஒரு தடவை தொட்டுவிடுகிறேன். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது எங்களூர் வழக்கம். பாரிஸில் லென்னெக் 1816 இல் கடதாசியைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்து இதயத்தைக் கேட்ட கதையைப் பேராதனையில் விரிவுரையாளர் சொன்னபோது, வகுப்பில் எனக்கு மட்டும் அது புதுக் கதையாகத் தெரியவில்லை. மீன் பாடுகிறதா இல்லையா என்ற வழக்கை வேறு யாரும் பேசட்டும்.

இலங்கையில் மிருக வைத்தியம் படிக்கப் பேராதனையை விட்டால் வேறு இடம் இல்லை. படித்து முடித்து நான் ஊருக்கு வந்தது மாட்டு டொக்டராக. கன்று மாறிக் கிடக்கும் பசு, தொண்டை அடைப்பான், கால்வாய் நோய், சினை ஊசி, இவைதான் வேலை. நாய் என்றால் விசர்நாய்த் தடுப்பூசி. வருடத்தில் ஒருநாள் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நிற்கும், குத்திவிட்டுப் போவோம். கிழட்டு நாயின் இதயத்தைக் கேட்கிற தேவை வரவில்லை, ஏனென்றால் கிழட்டு நாயே இருக்கவில்லை. இடம்பெயர்ந்து போகிற சனம் நாயை அவிழ்த்துவிட்டுப் போனது. ஷெல்லில் செத்தவை, றோட்டில் செத்தவை, 2004 மார்கழியில் நாவலடிக் கரையில் கடல் கொண்டுபோனவை. இந்த இதய நோய்க்கு முதலில் வேண்டியது வயது. ஒரு நாய் ஒரே வீட்டில், ஒரே விறாந்தையில், பத்து வருடம் படுத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சண்டை ஓய்ந்த 2007க்குப் பிறகுதான் எங்கள் நாய்களுக்கு அது வாய்க்கத் தொடங்கியது. கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள், விறாந்தையில் அம்மா, அம்மாவின் காலடியில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் என்ற வீடுகள் கல்லடியிலும் கொக்குவிலிலும் கூடின.

அதற்கு முன்னால், படித்தும் பார்த்திராத அந்த நாட்களில், ஒரு நாயை நான் கொன்றிருக்கிறேன். பறங்கிக் குடும்பம் ஒன்றின் டாஷண்ட், நீட்டு உடம்பும் குட்டைக் காலும், பதினொரு வயது. இரண்டு நாள் சாப்பிடவில்லை, படுக்காமல் முழங்கைகளை அகட்டி உட்கார்ந்தபடியே இருக்கிறது, மூச்சு வேகம் என்றார்கள். நாவைப் பார்த்தேன், வரட்சி என்று நினைத்தேன். மாட்டுக்கு ஏற்றிப் பழகிய கை. காலில் ஊசியைப் போட்டுச் சேலைனைத் தொங்கவிட்டேன். துளி விழும் வேகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலம் போக, மூக்கில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. நாய் என்னைப் பார்த்துக்கொண்டே கழுத்தை நீட்டி நீட்டி மூச்செடுத்தது. பிறகு நின்றுவிட்டது. நுரையீரலில் ஏற்கனவே தண்ணீர் கட்டியிருந்த நாய்க்கு மேலும் தண்ணீர் ஏற்றியிருக்கிறேன். அந்த அன்ரி அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "நீங்க உங்களால ஏண்டதெல்லாம் செஞ்சிங்க டொக்டர்" என்று காசையும் தந்தார். வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவில்லை. அவர்கள் இப்போது அவுஸ்திரேலியாவில்.

முழங்கையை அகட்டி உட்கார்ந்திருக்கிற நாயைக் கண்டால் இன்றைக்கும் என் வயிறு ஒருதரம் சுருளும். அதைப் படுக்கவைத்துச் சோதிக்கக்கூடாது, எக்ஸ்ரேக்கு இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது. முதலில் ஃபுரோசமைட் ஊசி, பிறகு ஒட்சிசன், பிறகு தொடாமல் விடுதல். அரை மணித்தியாலத்தில் அது மூத்திரம் பெய்தால் எனக்குப் பால் வார்த்த மாதிரி.

இந்த நோயை எனக்கு ஒழுங்காக விளக்கச் சொல்லித்தந்தவர் அம்பிளாந்துறைப் பக்கத்துத் தண்ணீர்ப்பம்பு மெக்கானிக் ஒருவர். பாதையில் வாவியைக் கடந்து குருக்கள்மடம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வந்தார். வெளியூரார் படகுப்பாதை என்பதை நாங்கள் வெறுமனே பாதை என்போம். மடியில், பிஸ்கற் பெட்டிக்குள், பத்துக் கிலோ எடையுள்ள ஒரு மண்ணிற நாய், வயது சரியாகத் தெரியாது. நான் வழக்கம்போல ஒரு கடதாசியில் நான்கு அறை கீறி, இது மேலறை, இது கீழறை, நடுவில் கதவு என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"ஃபுட்வால்வு ஒழுகுது எண்டுறீங்க."

அதேதான். எங்கள் கரையோர மணலில் வீட்டுக்கு வீடு கிணறு, கிணற்றுக்குப் பம்பு, குழாயின் அடியில் ஃபுட்வால்வு. தண்ணீர் மேலே ஏறும், திரும்பி இறங்காது. அதற்குத்தான் அந்த வால்வு. உள்ளிருக்கிற இறப்பர் மூடி தேய்ந்து முறுகிவிட்டால் ஏறிய தண்ணீரில் ஒரு பங்கு இறங்கிவிடும். தாங்கி நிரம்பாது. மோட்டர் கூட நேரம் ஓடும். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீர் வருகிறதே! கரண்ட் பில் கூடும்போது, மோட்டர் சுடும்போதுதான் தெரியும்.

நாயின் இதயத்தில் இடதுபக்கத்து இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள வால்வுக்கும் இதுதான் நடக்கிறது. கடதாசி போல மெல்லியதாக இருக்கவேண்டிய இரண்டு இதழ்களும் தடித்து, விளிம்பில் முடிச்சு முடிச்சாகி, ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் நூல்போன்ற நாண்கள் நீளுகின்றன. சில நாளில் ஒன்று அறுந்தும் விடும். கீழறை சுருங்கும்போது உடம்புக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு மேலறைக்குத் திரும்புகிறது. நான் கேட்கிற சுளகுச் சத்தம் அந்தத் திரும்பல்தான். மேலறை பலூன்போல விரிந்து, மேலே ஓடும் மூச்சுக்குழாயை நெருக்குகிறது. அந்த நெருக்கல்தான் முள் குத்தாத இருமல். இன்னும் போனால் அழுத்தம் நுரையீரலுக்குள் பின்வாங்கி, அங்கே நீர் கசிகிறது. இருமல் வேறு, இந்த நீர் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து இருமுகிற நாய்க்கெல்லாம் தண்ணீர்க் குளிசை கொடுத்த காலம் எனக்கும் இருந்தது. பொமரேனியனில் மூச்சுக்குழாயே தளர்ந்து இருமுகிறதும் உண்டு.

"வோஷரை மாத்தினாச் சரிதானே டொக்டர்?"

"ஜப்பானில மாத்துறாங்க அண்ணன். யோகோஹாமாவில உவேச்சி எண்டொரு டொக்டர், நெஞ்சைத் திறந்து அந்த நூலெல்லாம் புதுசாக் கட்டித் தைக்கிறார்."

அவர் யோசித்தார். "பம்பை நிப்பாட்டிப்போட்டெல்லா நாங்க வால்வைக் கழட்டுற. இதை எப்பிடி நிப்பாட்டுற?"

சரியான கேள்வி அதுதான். இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை வெளியே ஒரு இயந்திரம் செய்ய, சின்ன நாயின் சில நூறு மில்லிலீற்றர் இரத்தத்தை அதனூடாக ஓட்டவேண்டும். அதற்கென்றே ஒரு பெரிய குழு வேண்டும். செலவை நான் சொல்லத் தொடங்க முன்னரே அவர் சிரித்துவிட்டார். "சரி, இவன்ட மோட்டர் இன்னும் எரியல்லத்தானே? ஓட்டுறமட்டும் ஓட்டுவம்."

அதற்குப் பிறகு நான் நான்கு அறை கீறுவதில்லை. ஃபுட்வால்வு என்பேன். கிணறு வைத்திருக்கிற எவருக்கும் விளங்கும்.

மோட்டர் எவ்வளவு சுட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் அடுத்த சிக்கல். நாய்க்கு எக்கோ பார்க்கவென்றால் இங்கிருந்து பேராதனைக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். வயதான நாயை வானில் ஏற்றி மலை ஏறி இறங்குவது எல்லோராலும் ஏலாது. ஆனால் எக்ஸ்ரே கிடைக்கும், கெஞ்சினால். மனிதருக்கு எடுக்கிற இடத்தில், கடைசி நோயாளி போன பிறகு, பின் கதவால் நாயைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் ஒரு படம். அதை விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கடதாசித் துண்டின் விளிம்பை இதயத்தின் மேல் நெடுக்காக வைத்துக் குறி போடுவேன், பிறகு குறுக்காக வைத்துக் குறி போடுவேன். அந்த இரண்டு நீளங்களையும் முதுகெலும்பின் மேல் நகர்த்தி, நான்காவது நெஞ்சு முள்ளெலும்பிலிருந்து எத்தனை எலும்பு பிடிக்கிறது என்று எண்ணிக் கூட்டுவேன். அமெரிக்காவில் புக்கானன் 1995 இல் வெளியிட்ட முறை. சராசரி நாய்க்கு 9.7 எலும்பு வரும். பத்தரைக்கு மேல் போனால் இதயம் பெருத்துவிட்டது என்று எடுக்கலாம். நாய் சிறிதோ பெரிதோ, அதன் எலும்பே அதற்கு அளவுகோல். காசு செலவில்லாத, கரண்ட் தேவைப்படாத இந்தக் கணக்கை யோசித்துக் கண்டுபிடித்த மனிதரை நான் மனதுக்குள் பலமுறை கும்பிட்டிருக்கிறேன்.

இந்த எண் ஏன் முக்கியமென்றால், அதிலிருந்துதான் மருந்து தொடங்குகிறது. சத்தம் மட்டும் இருந்து இதயம் பெருக்காத நாய்க்கு மருந்து கிடையாது. 2019 இல் அமெரிக்க இதய மிருக வைத்தியர்கள் புதுப்பித்த வழிகாட்டி அதைத்தான் சொல்கிறது. பல நாய்கள் அந்தச் சத்தத்தோடேயே வருடக்கணக்கில் ஓடித்திரிந்து வேறு ஏதாலோ சாகின்றன. ஆனால் எங்களூரில் ஊசி போடாத டொக்டர் டொக்டரா? "ஒண்டும் தரயில்லயா?" என்று கேட்டுவிட்டு, நேரே பாமசிக்குப் போய் இருமல் பாணி வாங்கிக் கொடுப்பார்கள். ஒன்றும் கொடுக்காமல் அனுப்பப் பழக எனக்குப் பத்து வருடம் பிடித்தது.

பெருத்துவிட்டது ஆனால் இன்னும் நீர் கட்டவில்லை என்கிற நாய்க்குப் பிமோபென்டான் என்ற குளிசை. 2016 இல் வெளியான ஆய்வொன்றில் 11 நாடுகளில் 360 நாய்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவை இதயம் தோற்கும்வரை இடையமாக 1228 நாட்கள் போயின. வெற்றுக் குளிசை எடுத்தவை 766 நாட்கள். பதினைந்து மாதம். நாயின் பதினைந்து மாதம் என்றால் என்னவென்று கிழட்டு நாய் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால், வெறும் வயிற்றில், காலையும் மாலையும் கொடுக்கவேண்டும். நீர் கட்டிய பிறகு அதோடு ஃபுரோசமைட், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் என்று சேரும். பிமோபென்டானைத் தவிர மற்றவை மனிதர் பாமசியில் மலிவாகக் கிடைக்கிறவை.

இரண்டு விஷயம் இடையில் சொல்லவேண்டும். ஒன்று கருவாடு. கருவாட்டுத் தலையும் ஆணத்துச் சோறும்தான் எங்கள் நாய்களின் சாப்பாடு; நீர் கட்டிய இதயத்துக்கு அந்த உப்பு ஆகாது. இதைச் சொன்னால் மருந்துக்குத் தலையாட்டியவர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். மற்றது, போனில் படித்துவிட்டு வந்து "இதயப்புழுவா?" என்று கேட்கிற இளம்பிள்ளைகள். இலங்கை நாய்களில் நாங்கள் வழக்கமாகக் காண்கிற டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ் தோலுக்குக் கீழே வாழ்வது. இரத்தம் எடுத்துப் பார்க்கிறேன்தான், ஆனால் இந்த வயதில் இந்தச் சத்தத்துக்கு நான் தேடுவது புழுவை அல்ல.

இனி ஒரு ரீச்சரைப் பற்றி.

கல்லடியில் இருந்தார். ஓய்வுபெற்ற தையல் ரீச்சர், எழுபத்தாறு வயது, பிள்ளைகள் இருவரும் ரொறொன்ரோவில். நாயின் பெயர் பிஸ்கற், ஐந்து கிலோ, பன்னிரண்டு வயது. 2021 கடைசியில் ஒரு இரவு அதற்கு நீர் கட்டி, ஓட்டோவில் கொண்டுவந்து பிழைக்கவைத்த பிறகு, நான் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். காது ஓட்டையைத்தான் சொல்லும் ரீச்சர். தண்ணீர் எப்போது வருமென்று குழலுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நன்றாகத் தூங்கும்போது நெஞ்சைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். முப்பதுக்குள் இருந்தால் நானும் தூங்கலாம் நீங்களும் தூங்கலாம். முப்பதைத் தாண்டினால், இன்னொரு தரம் எண்ணிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், எந்த நேரமென்றாலும்.

பகலில் எண்ணவேண்டாம் என்றும் சொன்னேன். கச்சான் வீசுகிற மாதங்களில் நல்ல நாயும் நாக்கைத் தொங்கவிட்டு நூறு தடவை இளைக்கும். கனவு காணும்போதும் எண்ணக்கூடாது. கால் உதறும், இமை துடிக்கும், மூச்சு தாறுமாறாகப் போகும். அது ஓய்கிறவரை காத்திருக்கவேண்டும்.

பெரும்பாலானவர்கள் ஒரு கிழமை எண்ணிவிட்டு விட்டுவிடுவார்கள். ரீச்சர் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கோடடித்து, திகதி, நேரம், எண், குறிப்பு என்று நான்கு நிரல் போட்டார். ஒவ்வொரு காலையும் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு எண் மட்டும் வரும். 22. 24. 21. வேறு ஒரு சொல்லும் இருக்காது. பிமோபென்டான் ஒரு முழுக் குளிசை, 1.25 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம். 40 மில்லிகிராம் ஃபுரோசமைட்டில் கால்வாசி, நாளுக்கு இரண்டு தரம். அந்தக் கால்வாசியை அவர் பிளேடால் வெட்டுவதைப் பார்க்கவேண்டும். துணி வெட்டப் பழகிய கை, நான்கு துண்டும் ஒரே அளவு.

ஒருநாள் மேசைமேல் அந்த ஃபுரோசமைட் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, எனக்கும் கிளினிக்கில இதுதான் தாறாங்க. இதுவும் எனலாபிரிலும். இவனும் நானும் ஒரே வாட்டு."

2022 வந்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. இறக்குமதி நின்று மருந்து தட்டுப்பட்டது. பிமோபென்டான் எங்கும் இல்லை. ரொறொன்ரோ மகள் அனுப்பிய பார்சல் வந்துசேரக் காலமெடுத்தது. ஃபுரோசமைட்டே ஒரு பாமசியில் பத்து, இன்னொன்றில் ஐந்து என்று எண்ணிக் கொடுத்தார்கள். நான் சைக்கிளுக்கு மாறியிருந்தேன். காலையில் எண் மட்டும் தவறாமல் வந்தது: 24, 26, 25. மெழுகுதிரி வெளிச்சத்தில் எண்ணுகிறார் என்று தெரியும். எப்படி இந்த எண் ஏறாமல் நிற்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கேட்டிருக்கவேண்டும்.

சித்திரை கழிந்து ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது வீட்டில் ஏறினேன். ரீச்சர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "இரிங்க தம்பி, பிளேன்ரீ போட ஆளில்ல" என்றார். சேலைக் கரைக்குக் கீழே கால் தெரிந்தது. கணுக்கால் என்று ஒன்று இருக்கவில்லை. நான் மாட்டு டொக்டர்தான், என்றாலும் குனிந்து, கேட்காமலே, பெருவிரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"குளிசை எடுக்கிறீங்களா ரீச்சர்?"

அவர் யன்னலைப் பார்த்தார்.

"எத்தினை நாளா அவனுக்குக் குடுக்கிறீங்க?"

"முழுக்கக் குடுக்கயில்ல. நானும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறன். அவன்ட கால்வாசிதானே தம்பி, என்ட ஒண்டில அவனுக்கு ரெண்டு நாள் போகுது."

கணக்குச் சரிதான். அதுதான் என்னைக் கோபப்படுத்தியது. வயது பார்க்காமல் ஏசினேன். பிஸ்கற் எழும்பி வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்று குரைத்தது, பிறகு இருமியது. பக்கத்து வீட்டுப் பொடியனின் சைக்கிளில் அவரை அனுப்ப ஏலாது. இரண்டு வீடு தள்ளி ஓட்டோவில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது, அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த ஐந்து நாளும் பிஸ்கற் என் வீட்டில், என் மனைவியின் வாயைக் கேட்டுக்கொண்டு.

அந்த முதல் இரவு, என்னிடமும் குளிசை இல்லாமல், மருந்துப் பெட்டியைத் துழாவியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. கன்று போட்ட பசுவுக்கு மடி வீங்கினால் நாங்கள் போடுகிற ஊசியும் ஃபுரோசமைட்தான். மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம். பசுவுக்கு ஒரு தரத்துக்கு 10 மில்லிலீற்றர். பிஸ்கற்றுக்கு ஒரு மில்லிலீற்றரில் ஐந்தில் ஒன்று. ஒரு பசுவின் ஒருவேளை மருந்தில் இந்த நாய்க்கு இருபத்தைந்து நாள். இத்தனை கிழமையாக ஊரெல்லாம் சைக்கிளில் குளிசை தேடியவன், அந்தப் போத்தலை வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பட்டிகளுக்கு முதுகில் சுமந்துகொண்டுதான் தேடியிருக்கிறேன்.

ரீச்சர் வந்ததும் இன்சுலின் சிரிஞ்சைக் கொடுத்து, இருபது என்று எழுதிய கோடுவரை எடுக்கக் காட்டினேன். பிடரித் தோலைக் கூடாரம்போல இரண்டு விரலால் தூக்கி, அடியில் ஊசியைப் படுக்கைவாட்டில் விடவேண்டும். பலருக்கு இதில் கை நடுங்கும். அவர் தோலை ஒருதரம் கிள்ளி மடித்துப் பார்த்தார், மடிப்பின் அடியில் ஊசியை விட்டு எடுத்தார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரீச்சர், முதல் தரமே..."

"நாப்பது வருசம் ஊசி பிடிச்ச கை தம்பி."

அடுத்த நாளிலிருந்து வட்ஸ்அப்பில் இரண்டு எண் வரவேண்டும் என்று கட்டளை போட்டேன்: ஒன்று பிஸ்கற்றின் மூச்சு, மற்றது அவர் தன் குளிசையைப் போட்ட நேரம். முணுமுணுத்தார், அனுப்பினார். ஆடியில் ரொறொன்ரோ பார்சல் வந்தது. மாமாங்கத் தேர்த்திருவிழாப் பட்டாசுக்குப் பிஸ்கற் ஒருமுறை மயங்கி விழுந்து, நான் போவதற்குள் எழும்பி நின்றது. இந்த நோயில் அதுவும் உண்டு. எண்கள் மெல்ல ஏறின. 27, 29, 28. ஊசியைக் கூட்டினோம். சிறுநீரகத்துக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தேன், நல்ல செய்தி இல்லை. ஒரு பக்கம் நுரையீரலைக் காயவைக்கவேண்டும், மறுபக்கம் சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும். இந்த இழுபறியில் கடைசியில் வெல்வதற்கு வழியில்லை. கருணை ஊசியைப் பற்றி ஒருதரம் சொன்னேன். வேண்டாம் என்றார். முன்பென்றால் வாதாடியிருப்பேன். எங்களூரில் பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்பார்கள், சைவமென்றாலும் வேதமென்றாலும். அவர்களை வற்புறுத்தி ஒப்புக்கொள்ளவைத்த இரண்டு தடவையும் பிறகு அவர்கள் என் வீதியால் போவதையே விட்டுவிட்டார்கள்.

2023 தைப்பொங்கல் கழிந்து ஒரு விடியற்காலை 44 என்று வந்தது. அரை மணியில் போனேன். ஊசி போட்டேன், இரண்டாவது ஊசியும் போட்டேன். வெயில் விறாந்தையில் ஏறும்போது முடிந்துவிட்டது. முருங்கையடியில் பக்கத்து வீட்டுப் பொடியன் குழி வெட்டினான்.

எட்டாம் நாளோ என்னவோ, ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். கணுக்கால் தெரிந்தது, அதைத்தான் முதலில் பார்த்தேன். கையில் கொப்பி இருக்குமென்று நினைத்தேன், இல்லை. ஒரு குளிசை அட்டையையும், மாத்திரைச் சீசா ஒன்றையும் மேசையில் வைத்தார்.

"ஆருக்கும் உதவும்தானே தம்பி. திகதி பாத்துட்டன், அடுத்த வருசம் மட்டும் இரிக்கி."

எண்ணிப் பார்த்தேன். பிமோபென்டான் பதினான்கு. அம்பிளாந்துறை மண்ணிறத்தானுக்குப் பத்துக் கிலோ. ஒரு நேரத்துக்கு இரண்டு, நாளுக்கு நான்கு. மூன்றரை நாள். மெக்கானிக் அண்ணனுக்கு அழைப்பு எடுத்தேன். பாதையில் நிற்கிறார் போலும், பின்னால் எஞ்சின் சத்தம்.

"நேத்து எத்தினை அண்ணன்?"

"முப்பத்தொண்டு டொக்டர். மறுகா எண்ணினன், இருவத்தொம்பது."

"வாறநேரம் இங்க ஒருக்கா ஏறுங்க" என்றேன்.